குழாயின் மறுமுனை

இலையுதிர் காலத்தில் தெருவில் எங்காவது ஒரு புளோவர் இரையத் தொடங்கினால் என்னால் கதிரையில் இருக்க முடிவதில்லை. எழுந்து யன்னலடிக்குப் போவேன். பிறகு குசினிக்கு. தேநீருக்குத் தண்ணீர் வைப்பேன். அது கொதிக்கும்போது வேறு அறையில் நிற்பேன். இலைகளை ஊதித் தள்ளுகிற அந்த இயந்திரத்தால் மற்றவர்களுக்குத் தலையிடிதான் வரும். எனக்கு வருவது வேறு. இதை எழுதிவிடலாமென்று பல தடவை உட்கார்ந்து, முதல் வரியோடு எழுந்து போயிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நாங்கள் கனடாவில், பிக்கரிங்கில் ஒரு வீடு வாங்கினோம். நிலத்துக்குக் கீழே இருந்த அதன் பேஸ்மன்ற்றில், முன்பு இருந்தவர் பொருத்திய ஓர் அடுப்பு இருந்தது. சமையலுக்கு அல்ல, அறையைச் சூடாக்குவதற்கு. மரத்தூளை அழுத்திச் செய்த சின்னச் சின்ன உருளைகள் பைகளில் கிடைக்கும். பெலற் என்பார்கள். அதை அடுப்பின் தலையில் கொட்டிவிட்டால் அது தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்து எரிக்கும். முன்னால் கண்ணாடிக் கதவு. பின்னாலிருந்து ஒரு குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு வீட்டின் பக்கவாட்டில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கோதுமை மாவைவிட மெல்லிய சாம்பல் அந்தக் குழாயில் படிந்துகொண்டே போகும். நிறையப் படிந்தால் சுவாலை சோர்ந்துவிடும், கண்ணாடி கறுத்துவிடும்.

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரரிடமும் அதே அடுப்பு இருந்தது. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அவர் தன் புளோவரின் உறிஞ்சும் வாயைக் குழாயின் வெளிமுனையில் பொருத்தி இயக்குவார். அடுப்புக்குள் கிடக்கும் சாம்பல் முழுவதும் பெரிய சாம்பல் முகிலாக அவருடைய புல்வெளிக்கு மேல் எழும்பிப் போகும். வேலிக்கு இப்பால் நின்று அதை நான் ஆசையோடு பார்த்திருக்கிறேன். என்னிடமும் ஒரு புளோவர் இருந்தது. அது ஊதும், உறிஞ்சாது.

நான் யாழ்ப்பாணத்தில் பௌதிகவியல் படிப்பித்தவன். இங்கே ஒரு தொழிற்சாலையில் பிளாஸ்ரிக் மூடிகளில் பிழை பார்க்கிற வேலை. அப்படி இருந்தும் எங்கள் ஆட்கள் என்னை மாஸ்ரர் என்றே கூப்பிட்டார்கள். அதனால்தானோ என்னவோ, எந்த இயந்திரத்துக்கு முன் நின்றாலும் எனக்குத் தெரியும் என்ற எண்ணம் முதலில் வந்துவிடும். உறிஞ்சினால் என்ன, ஊதினால் என்ன, அடைப்பு நகரத்தானே வேண்டும் என்று கணக்குப் போட்டேன். குழாயில் உள்ள சாம்பல் பின்வாங்கி அடுப்புக்குள் விழும். கதவைத் திறந்து அள்ளி எடுத்துவிடலாம்.

அந்த ஒக்ரோபரில் மகளுக்குக் கலியாணம் வைத்திருந்தோம்.

மகளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவள் சிறுமியாக இருந்தபோதே நான் கனடாவுக்கு வந்துவிட்டேன். பிறகு மனைவி வந்தாள். மகளை உடனே கூப்பிட முடியவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று வருடங்கள் போயின. அத்தனை வருடமும் அவளை வளர்த்தது என் மனைவியின் தங்கை. எனக்கு மச்சாள், மகளுக்குச் சின்னம்மா. ஷெல் விழுந்த காலங்களில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடியவர் அவர். அவருடைய கணவர் அப்படியொரு நாளில்தான் செத்துப்போனார். பிள்ளைகள் இல்லை. மகள் இங்கே வந்து சேர்ந்த பிறகு மச்சாளையும் கூப்பிட்டோம். எங்கள் வீட்டு மேல்மாடிச் சிறிய அறையில் இருந்தார்.

கலியாணத்துக்குப் பலகாரம் சுட நல்ல நாள் பார்த்துப் பெண்களைக் கூப்பிட்டாயிற்று. எங்கள் பேஸ்மன்ற்றில் இரண்டாவது குசினி ஒன்று இருந்ததால் எல்லாம் அங்கேதான். அஜின்கோர்ட்டிலிருந்து மனைவியின் ஒன்றுவிட்ட அக்கா வந்திருந்தார். எல்லாருக்கும் அவர் பெரியக்கா. எண்ணெய்ச்சட்டியில் முதல் பலகாரம் போடுவது யார் என்பதில் காலையிலேயே பேச்சுத் தடித்தது. புருஷன் உயிரோடு இருக்கிற ஒரு பெண்தான் போடவேண்டும் என்பது வழக்கம். மகள் சம்மதிக்கவில்லை.

“சின்னம்மாதான் ஸ்ரார்ட் பண்ணோணும். இல்லாட்டி எனக்கு ஒரு பலகாரமும் வேண்டாம்.”

“கனடாவுக்கு வந்து நாலு வருஷம், கதை மட்டும் நாப்பது வருஷம்,” என்றார் பெரியக்கா. “பிள்ளை, இது நாங்கள் உண்டாக்கின வழக்கமில்லை.”

“அப்ப நாங்கள் நிப்பாட்டலாம்தானே.”

“என்னை விடு பிள்ளை,” என்றார் மச்சாள். “நான் மாக் குழைச்சுத் தாறன். அது காணும்.”

மகள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துச் சட்டிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். மனைவி என்னைப் பார்த்தாள். நான் படியில் நின்று, “பிள்ளையின்ர விருப்பம்தானே, செய்யட்டும்,” என்றேன். அதைச் சொன்னபோது எனக்கு என்மேல் நல்ல மதிப்பு இருந்தது. மச்சாள் ஒரு பயற்றம் பணியாரத்தை மாக்கரைசலில் தோய்த்து எண்ணெயில் விட்டார். பொங்கி வந்தது. அதை எடுத்து வெற்றிலையில் வைத்துப் பிள்ளையாருக்கு முன்னால் வைத்தார்கள். பெரியக்கா முறுக்குப் பிழியத் தொடங்கினார்.

பேஸ்மன்ற் குளிர்ந்து கிடந்தது. முதல் நாளே அடுப்பு ஒழுங்காக எரியாமல் நான் அணைத்துவிட்டிருந்தேன். பெண்கள் சேலைக்கு மேல் ஸ்வெற்றர் போட்டுக்கொண்டு வேலை செய்தார்கள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தேன், கிண்டினேன், மூடினேன். மனைவி கண்டுவிட்டாள்.

“கலியாணம் முடியுமட்டும் உதில கை வைக்காதேங்கோ. ஆள் வந்து பாக்கட்டும்.”

“ஒண்டும் செய்யேல்லை.”

“அப்ப ஏன் குறுக்கும் மறுக்கும் நடக்கிறியள்? போய் வளவில இலையை ஊதுங்கோ. மாப்பிள்ளை பகுதி வந்தால் குப்பைக்குள்ளாலயே நடந்து வாறது?”

“மாஸ்ரருக்கு இண்டைக்குப் பள்ளிக்கூடம் இல்லை, அதுதான்,” என்று பெரியக்கா சொல்ல எல்லோரும் சிரித்தார்கள்.

வெளியே போய் இலையை ஊதினேன். காற்றே இல்லாத நாள். மேப்பிள் இலைகள் நேராகக் கீழே விழுந்துகொண்டிருந்தன. ஒரு பக்கம் ஊதிச் சேர்த்தால் மறுபக்கம் விழும். மத்தியானம் ஆனதும் மேல் குசினியில் கோப்பைகள் தட்டுப்படுகிற சத்தம் கேட்டது. எல்லோரும் சாப்பிட மேலே போய்விட்டார்கள் என்று நினைத்தேன். இப்போது செய்தால் யாருக்கும் தெரியாது. அவர்கள் சாப்பிட்டுவிட்டு இறங்கும்போது அடுப்பு நன்றாக எரிந்துகொண்டிருக்கும். மனைவி ஒன்றும் சொல்லமாட்டாள்.

புளோவரின் வாயைக் குழாயின் வெளிமுனையில் வைத்து, வெள்ளிநிற ஒட்டுநாடாவால் இறுக்கிச் சுற்றி, இயக்கினேன். குழாய் அதிர்ந்தது. உள்ளே எதுவோ டப் என்று திறக்கிற சத்தம். பிறகு ஒரு தட்டு விழுந்த சத்தம். உடனே நிறுத்தினேன். யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் ஓடிப்போய், ஐயோ நான்தான் என்று சொல்லியிருப்பேனோ என்று இப்போதும் யோசிப்பதுண்டு. புளோவரைப் பிடுங்கி இலைக் குவியலுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு உள்ளே போனேன்.

அடுப்புக் கதவின் கைபிடியைக் காலையில் நான் முழுவதும் திருப்பிப் பூட்டவில்லை. கதவு ஆவென்று திறந்து கிடந்தது. சாம்பல் அறை முழுவதும் தொங்கிக்கொண்டிருந்தது, இறங்க மனமில்லாததுபோல. மேசைகளில் பேப்பர் விரித்து ஆறப்போட்டிருந்த அரியதரம், முறுக்கு, பணியாரம் எல்லாம் ஒரே நிறத்தில் இருந்தன. எண்ணெயின் மேல் சாம்பல் படலம். சட்டிக்குப் பக்கத்தில் மச்சாள் கரண்டியோடு நின்றார். கடைசி ஈடு வெந்துகொண்டிருந்ததால் அவர் சாப்பிடப் போகவில்லை. தலைமயிர், புருவம், இமை எல்லாம் சாம்பல். முதல் வேலையாகச் சட்டிக்குக் கீழே இருந்த நெருப்பை அணைத்திருந்தார்.

எனக்குப் பின்னால் பெண்கள் இறங்கி வந்தார்கள். பெரியக்கா கடைசிப் படியில் நின்றார்.

“நான் அப்பவே சொன்னனான்,” என்றார்.

மனைவி திறந்து கிடந்த அடுப்பைப் பார்த்தாள். என்னிடம் திரும்பினாள்.

“நீங்கள் வெளியில என்ன செய்தனீங்கள்?”

“இலை ஊதினனான்.”

“இது எப்பிடி?”

“காத்துக் குழாய்க்குள்ளால வந்திருக்கும்.”

“காத்து எங்கயிருந்து?” என்றார் பெரியக்கா. “ஒரு இலை ஆடேல்லை. கதவு தானாத் திறந்திருக்கு. முதல் சட்டி. இதுக்கு மேல என்ன சொல்ல.”

பரிசோதனை பிழைத்தால் பிழைத்தது என்று எழுதுங்கள், விடையைப் பார்த்து அளவுகளை மாற்றி எழுதாதீர்கள் என்று வருடக்கணக்காகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்த அறையில் சாம்பலுக்கான காரணம் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்றும் நினைத்தேன். அதுவும் பிழை. மச்சாள் கரண்டியை வைத்துவிட்டு, “நான் மேல போறன்,” என்று படியை நோக்கி வந்தார். என்னைக் கடந்து போகும்போது ஒரு கணம் நின்றார். என் சட்டைக் கையில் வெள்ளி ஒட்டுநாடாத் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அதுவரை தெரியாது. அவர் அதை உரித்தெடுத்துத் தன் கைக்குள் கசக்கிக்கொண்டு மேலே போய்விட்டார்.

பலகாரம் முழுவதையும் குப்பையில் கொட்டினோம். அடுத்த நல்ல நாளில் பெரியக்காவின் கையால் மீண்டும் தொடங்கினார்கள். அன்றைக்கு மச்சாள் வேலைக்குப் போய்விட்டார். அதற்குள் மல்வேர்னில் ஒரு குடும்பத்தோடு அறை பார்த்திருந்தார். தான் வேலை செய்கிற பக்ரரிக்குப் போகிற பஸ் அங்கேயிருந்து நேரே இருக்கிறது என்று காரணம் சொன்னார். மகள் அழுதாள். மனைவி போகவேண்டாம் என்று சொன்னாள், ஆனால் ஒரு தடவைதான் சொன்னாள்.

கலியாணத்துக்கு முன்னால் இருந்த நாட்களில் நான் எங்கும் ஒழுங்காக இருக்கவில்லை. மல்வேர்னுக்குக் காரில் போவேன். அந்தக் கட்டடத்தின் தரிப்பிடத்தில் நிறுத்திவிட்டு, சொல்லவேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். நீண்ட வசனமில்லை. புளோவரைக் குழாயில் வைத்தது நான். அவ்வளவுதான். சொல்லிப் பார்த்துவிட்டுக் காரைத் திருப்புவேன். வீட்டுக்கு வந்தால் வாழைமரம் எங்கே எடுப்பது, மணவறைக்காரருக்குச் சொல்லியாயிற்றா என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விகள் எனக்கு ஆறுதலாக இருந்தன.

கலியாண மண்டபத்தில் மச்சாள் கடைசி வரிசையில், பிள்ளை வண்டிகளோடு தாய்மார் இருக்கிற கதவோரம் இருந்தார். தாலி கட்டி முடிந்து பெரியவர்கள் ஒவ்வொருவராக மணவறைக்கு ஏறி, அறுகரிசி போட்டு ஆசீர்வதிக்கிற நேரம் வந்தது. எங்களுக்கு அடுத்ததாகச் சின்னம்மா வரவேண்டும் என்று மகள் எப்போதோ சொல்லி வைத்திருந்தாள். நாங்கள் போட்டுவிட்டு இறங்கினோம். அவள் குனிந்த தலையை நிமிர்த்தி மண்டபத்தின் பின்பக்கத்தைத் தேடினாள். நானும் பார்த்தேன். அந்தக் கதிரை வெறுமையாக இருந்தது. ஐயர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பெரியக்கா ஏறினார்.

நான் சமையலறைப் பக்கம் போனேன். மச்சாள் அங்கே நின்று, வந்தவர்களுக்குக் கொடுக்கும் பலகாரப் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“பிள்ளை தேடுது,” என்றேன்.

“எல்லாரும் பாத்துக்கொண்டிருப்பினம் அத்தான். நல்ல நாளில வேண்டாம்.”

அப்போதும் நான் சொல்லவில்லை. ஒரு பையை எடுத்து அதன் வாயைக் கட்ட முயன்றேன். அவர் அதை என் கையிலிருந்து வாங்கித் தானே கட்டினார்.

குளிர்காலம் தொடங்கிய பிறகுதான் மல்வேர்னில் காரைவிட்டு இறங்கினேன். மச்சாள் வேலைக்குப் போகும் சட்டைக்கு அயன் பண்ணிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொல்லிமுடித்தேன். அவர் அயனை நிமிர்த்தி வைத்தார்.

“எனக்குத் தெரிஞ்சதைத்தானே எனக்குச் சொல்லுறியள்.”

“மன்னிக்கோணும்.”

“உங்கட சட்டையில இருந்ததை நான் எடுத்தது ஏன் தெரியுமே? மற்ற ஆக்கள் கண்டுபிடிக்கக்கூடாது, நீங்களாச் சொல்லோணும் எண்டுதான். சொல்லுவியள் எண்டு நினைச்சன். மாஸ்ரர்தானே.” கொஞ்ச நேரம் சட்டையின் கழுத்துப் பட்டியை நீவிக்கொண்டிருந்தார். “எனக்குச் சொல்லி என்ன பிரயோசனம் அத்தான். அக்காவுக்குச் சொல்லுங்கோ. பெரியக்காவுக்குச் சொல்லுங்கோ. அவை இருக்கிற இடத்தில சொல்லுங்கோ.”

“சொல்லுறன்.”

“தேத்தண்ணி குடிக்கிறியளே?”

“இல்லை, போகோணும்,” என்றேன். போகவேண்டிய இடம் ஒன்றும் இருக்கவில்லை.

சொல்லுகிறேன் என்று சொன்னதைச் செய்ய ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து, முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிக்கிற சடங்கை எங்கள் வீட்டிலேயே வைத்தோம். அன்றைக்கும் பெண்கள் பேஸ்மன்ற்றில் சமைத்தார்கள். மச்சாளுக்குச் சொல்லியிருந்தோம், வேலை என்று சொல்லிவிட்டார். பெரியக்கா அடுப்பைக் காட்டிப் சொந்தத்துக்குள் புதிதாக வந்த ஒரு மருமகளுக்கு அந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினார். கதவு தானாகத் திறந்தது என்றார். சாம்பல் எழும்பி நேரே மச்சாளின் தலையில் போய் விழுந்தது என்றார்.

“அது தானாத் திறக்கேல்லை,” என்றேன். “நான் வெளியில நிண்டு புளோவரால குழாய்க்குள்ள ஊதினனான். கதவை நான்தான் ஒழுங்காப் பூட்டாமல் விட்டனான்.”

பல முறை பழகிய வசனம் என்பதால் நன்றாகவே வந்தது. பெரியக்கா என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

“அட மாஸ்ரர். உதை இப்ப ஏன் சொல்லுறியள்? அது பழைய கதை.” கத்தரிக்காயை வெட்டத் தொடங்கினார். “எதுக்கும் அண்டைக்கு எண்டு பாத்து உங்களுக்கு அந்தப் புத்தி வந்ததே, அதுவும் ஒரு சகுனம்தானே.”

மற்றப் பெண்களும் சிரித்தார்கள். மனைவி சிரிக்கவில்லை. வேலை தொடர்ந்தது. நான் சொன்னதால் அந்த அறையில் ஒன்றும் மாறவில்லை. சொல்லவேண்டிய நாளில் சொல்லாமல் விட்டது தன் வேலையை எப்போதோ செய்து முடித்திருந்தது.

அப்போதுதான் படியில் மகள் நிற்பதைக் கண்டேன். குழந்தை அவள் தோளில் கிடந்தது.

“அது நீங்களா?”

“ஓம்.”

“சின்னம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியும். அண்டைக்கே தெரியும்.”

“நான் ஃபோர்ஸ் பண்ணினதாலதான் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறன் அப்பா. எல்லாருக்கும் முன்னால அவவைக் கொண்டுவந்து நிப்பாட்டி அவமானப்படுத்தினது நான்தான் எண்டு. அதாலதான் அவ என்னட்டை வாறேல்லை எண்டு.”

இதை நான் ஒருபோதும் யோசித்ததில்லை. ஓர் ஆள்மேல் விழுந்த பழியை மட்டுமே நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் மேலே ஏறிப் போனாள். நான் பின்னால் போனேன். குழந்தையைக் கார் இருக்கையில் வைத்துப் பட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

“நானும் வாறன்.”

“வேண்டாம். நீங்கள் நில்லுங்கோ.”

கார் போனது. கீழே விருந்து நடந்துகொண்டிருந்தது. குழந்தை எங்கே என்று கேட்டவர்களுக்கு மனைவி ஏதோ சொல்லிச் சமாளித்தாள். நான் யன்னலுக்கும் கதவுக்கும் இடையில் நடந்தேன். வளவுக்குப் போனேன். குழாயின் வெளிமுனையில் ஒட்டுநாடாவின் பசை இன்னும் கறுப்பு வளையமாகப் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். வரவில்லை. வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகுதான் கார் திரும்பி வந்தது. குழந்தை நித்திரை. அதன் நெற்றியில் யாரோ திருநீறு பூசியிருந்தார்கள். குழந்தை தலையை ஆட்டியிருக்கவேண்டும், ஒரு பக்கம் இழுபட்டிருந்தது.

மகள் சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

“இவளுக்குப் பல்லு முளைச்ச உடன பல்லுக்கொழுக்கட்டை மல்வேர்னில அவிக்கிறம். சின்னம்மாதான் தலையில கொட்டுவா. பெரியக்காவுக்கு விருப்பம் எண்டால் வரட்டும்.”

“நான்?”

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள் என்பது எனக்குத் தெரிந்தது.

“வாங்கோ. அடுப்புக்குக் கிட்டப் போகாதேங்கோ.”

போனேன். மல்வேர்னில் அந்தச் சிறிய வரவேற்பறையில் பாய் விரித்துக் குழந்தையை நடுவில் இருத்தியிருந்தார்கள். மச்சாள் வெள்ளைத் துணியைக் குழந்தையின் தலைக்குமேல் பிடிக்கச் சொல்லி, சின்னச் சின்னக் கொழுக்கட்டைகளைக் கொட்டினார். குழந்தை ஒன்றைப் பிடித்து வாயில் வைத்தது. மகள் சிரித்தாள். பெரியக்கா வரவில்லை. நான் கதவோரம் நின்று, வெளிக்குளிர் உள்ளே வருகிறதா என்று கதவின் கைபிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மச்சாள் ஒரு தட்டில் கொழுக்கட்டை வைத்துக் கொண்டுவந்து நீட்டினார்.

“ஏன் நிக்கிறியள் அத்தான். இருங்கோ.”

இருந்தேன். கொஞ்ச நேரம்தான்.